அப்பாவின் ஜாகுவாரும் அத்தையின் மரப்பாச்சியும்

பழைய பொம்மைகளைப் பழுதுபார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கோவையில் ஒரு டை காஸ்டிங் பட்டறையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தேன். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் உருக்கி அச்சில் அடிக்கிற இடம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன வைஸ், ஒரு கை டிரில், ஒரு மேசை விளக்கு. அவ்வளவுதான் என் பட்டறை.

கேள்வி: அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது, அப்பா சின்ன வயதில் விளையாடிய கார் ஒன்று கிடைத்தது. தாத்தா மலேயாவிலிருந்து வாங்கி வந்ததாம். விரல் நீளம்தான் இருக்கிறது. சிவப்புப் பெயிண்ட் மூலைகளில் உரிந்து உலோகம் தெரிகிறது. ஒரு சக்கரம் சுற்றவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது. அடியில் ஜாகுவார், லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து, 32 என்று எழுத்துகள் இருக்கின்றன. ஸ்ப்ரே அடித்துப் புதிதாக்கி எட்டு வயது மகனுக்குக் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். அப்பா இப்போது இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: மகனுக்குக் கொடுங்கள். ஸ்ப்ரே மட்டும் வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது மேட்ச்பாக்ஸ் கார். அதைச் செய்த லண்டன் கம்பெனிதான் லெஸ்னி. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் 1947-ல் தொடங்கியது. ஒருவர் பெயரில் முன்பாதி, இன்னொருவர் பெயரில் பின்பாதி. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் அச்சு வேலையில் கெட்டிக்காரர், என் தொழில்காரர். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று அவர் மகளின் பள்ளியில் ஒரு விதி இருந்ததாம். மனிதர் ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து தீப்பெட்டியில் போட்டு அனுப்பினார். அந்த ஒரு ரோலரிலிருந்து கிளம்பியதுதான் 1953 முதல் வந்த இந்த வரிசை முழுக்க. அசல் ஜாகுவார் ஈ டைப் 1961-ல் வெளிவந்தது. அடுத்த வருடமே 32-ஆம் நம்பரில் இந்தக் குட்டிக் கார் வந்துவிட்டது. லெஸ்னி 1982-ல் நொடித்துப் போனது.

இப்போது காரை ஜன்னல் வெயிலில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். சாதாரணச் சிவப்பாக இருக்காது. உள்ளே மிக நுண்ணிய தூள் மின்னும். அந்த உலோகச் சிவப்பைப் பிடிக்க நான் மூன்று டப்பா ஸ்ப்ரே வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்று ஆரஞ்சுக்குப் போனது, ஒன்று மருதாணிக்குப் போனது, மூன்றாவதில் தூள் பெரியதாக இருந்து கல்யாண மண்டப ஜிகினா மாதிரி ஆகிவிட்டது. விரல் நீளக் காரில் அது நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், எங்கே உரிந்திருக்கிறது என்று கவனியுங்கள். மூலை, கூரை விளிம்பு, சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு. பரணில் கிடந்து உரிந்திருந்தால் ஒரு பக்கமாகக் கொப்புளம் கட்டி உரிந்திருக்கும். இது அப்படியில்லை. முற்றத்துக் கல்லில் உருட்டி, தூணில் மோதவிட்டு, கவிழ்த்து, உங்கள் அப்பா செய்தது. பாதிக்கு மேல் பழைய பெயிண்ட் நிற்கிற காரை நான் உரிப்பதில்லை.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு அம்மா நீல நிற லாரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இறந்துபோன தம்பியுடையது. "பார்த்துச் செய்யுங்கண்ணா" என்றார். நானும் பார்த்துத்தான் செய்தேன். முழுக்க உரித்து, குழிகளில் பட்டி போட்டுத் தேய்த்து, மூன்று கோட் நீலம் கொடுத்தேன். கடையில் இருந்து இறக்கியது போல இருந்தது. அவர் வாங்கியவுடன் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்கதவின் உள்பக்கம் விரலால் தடவினார். தம்பி காம்பஸ் முனையால் 'மு' என்று கீறி வைத்திருந்தானாம். நான் அதைக் கீறல் என்று நினைத்துப் பட்டி வைத்து மூடியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எந்தப் பொம்மை வந்தாலும் முதல் வேலை, எல்லாப் பக்கமும் திருப்பி, உள்ளே டார்ச் அடித்து, போன் காமிராவில் படம் எடுப்பதுதான். கொடுத்தவரிடம் அந்தப் படத்தைக் காட்டி ஒவ்வொரு கீறலையும் கேட்பேன். நீங்களும் அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. காரை அதில் ஊறப்போடக் கூடாது, சக்கரங்களைக் கோர்த்திருக்கும் அச்சுக் கம்பி இரும்பு, துருப்பிடிக்கும். குழந்தைகளுக்கான மெத்தென்ற டூத் பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டு, கிரில், கதவுக் கோடு, அடித்தட்டு எழுத்து என்று ஒவ்வொரு இடமாகத் துலக்குங்கள். உடனே துணியால் ஒற்றி மின்விசிறிக்கு நேராக வையுங்கள். புளி, எலுமிச்சை பக்கமே போகக் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இந்தக் கார் துத்தநாகக் கலவை, புளிப்பு பட்டால் உலோகம் தெரிகிற இடமெல்லாம் அரித்துக் கறுத்துப் போகும்.

சுற்றாத சக்கரத்தில் பெரும்பாலும் முடிதான் சுற்றிக்கொண்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துச் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் பாருங்கள். தலைமுடி, பாய் நார், கம்பளி நூல் எல்லாம் சேர்ந்து இறுகி, ஒரு சின்ன வாஷர் மாதிரியே கறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஊசி முனையால் ஓரிடத்தில் நிமிண்டி, புருவம் திருத்தும் இடுக்கியால் இழுத்தால் நீளமாக வரும். அவசரப்பட்டு பிளேடு போட வேண்டாம், பிளாஸ்டிக் சக்கரத்தில் வெட்டு விழும். முடியெல்லாம் வந்த பிறகு, தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சுக் கம்பியில் ஒரே சொட்டு. சக்கரத்தை இருபது முறை சுற்றிவிட்டு மீதி எண்ணெயைத் துடையுங்கள்.

கண்ணாடிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வெள்ளை டூத் பேஸ்ட். சின்னச் சின்ன வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்து, ஈரப் பஞ்சால் எடுங்கள். வெளிப்பக்க மங்கல் போய்விடும். உள்பக்கத் தூசியை விட்டுவிடுங்கள், அதற்குக் காரைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் தப்பு நடக்கும்.

இனி உங்கள் கணவருக்கு. கை பரபரக்கிறது, புரிகிறது. அடிபட்டு நசுங்கி, பெயிண்ட்டே மிச்சமில்லாத, யாருடைய ஞாபகமும் ஒட்டாத பழைய டை காஸ்ட் கார் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கச் சொல்லுங்கள். பழகுவதற்கு அதுதான் நல்லது. அடித்தட்டைப் பிடித்திருப்பது ஸ்க்ரூ இல்லை, ரிவெட். காரோடு சேர்ந்து வார்த்த ஒரு முளை, அதன் தலையை மட்டும் பூவாக விரித்து அடித்திருப்பார்கள். அந்தப் பூவின் நடுவில் சென்டர் பஞ்ச் ஒரு தட்டு. பிறகு 3 மி.மீ. பிட்டால், கையால் சுற்றும் டிரில்லில், பூ உதிரும்வரை மட்டும். மெல்லிய மோதிரம் போலப் பிரிந்து பிட்டில் மாட்டிக்கொள்ளும், அந்த நொடியில் நிறுத்த வேண்டும். மூடும்போது அதே முளையில் 1.6 மி.மீ. துளை போட்டு, எம்2 டேப் (துளைக்குள் ஸ்க்ரூவுக்கு மரை வெட்டும் கருவி) ஓட்டி, குட்டி ஸ்க்ரூ போடலாம். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு மண்ணெண்ணெய். நேராக முன்னேயே ஓட்டினால் டேப் உள்ளே உடைந்து நிற்கும். உடைந்த டேப்பை எடுக்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் எடுக்க ஹார்டுவேர் கடை ரிமூவர் போதும், கையுறையோடு, மொட்டை மாடியில். காஸ்டிக் சோடா வேண்டாம், அதுவும் துத்தநாகத்தை அரிக்கும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். காய்ந்த உப்புத்தாள் கூடாது, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். துத்தநாகத்தின் மேல் நேராக அடித்த பெயிண்ட் நகம் பட்டாலே வந்துவிடும். கார் பெயிண்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், மெலிசாக இரண்டு கோட். மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். காற்று ஈரம் பெயிண்ட்டில் ஏறி, புகை படர்ந்தது மாதிரி வெளுத்துவிடும். ஆனி, ஆடியில் ஈரக் காற்று அடிக்கும்போது நான் டப்பாவைத் தொடவே மாட்டேன்.

ஜாகுவார் மகனிடம் போகட்டும். எட்டு வயதுக்கு வாயில் வைக்க மாட்டான். விளையாடியதும் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: தாத்தாவின் டிங்கி பொம்மை வேன் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. கீழே விழவே இல்லை, ஆனாலும் உடம்பெல்லாம் வெடிப்பு. போன மாதம் தூக்கியபோது ஒரு மட்கார்டு அப்படியே உதிர்ந்தது. எபாக்ஸி பசை ஊற்றி நிறுத்தலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வெயிலில் வெடித்த குளம் மாதிரி சின்னச் சின்ன வெடிப்பு, கூடவே உடம்பு லேசாக வீங்கி வளைந்திருக்கும். சரிதானே? இந்த நோய்க்கு மருந்து கிடையாது. உங்களிடம் அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

டிங்கியைச் செய்தது லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி. 1934-லிருந்து அந்தப் பெயர். அன்று வார்த்த துத்தநாகக் கலவையில் சில சமயம் ஈயம் கலந்துவிட்டது. கொஞ்சம் ஈயம் போதும். உலோகம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே அது சின்னச் சின்ன மணிகள் ஒட்டியதுதான். மணிக்கும் மணிக்கும் நடுவில் ஈயம் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் ஈரமும் சூடும் இருந்தால் அந்த இடுக்கு வழியாகவே அரிப்பு இறங்கும். அரித்த இடம் பருக்கும், பருத்தால் வெடிக்கும். மேலே பெயிண்ட் நன்றாகவே இருக்கும், உள்ளே கதை முடிந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் துத்தநாகம் உருகுகிற பானை இருந்த அறைக்குள் சால்டரிங் ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு யாரும் நுழையக் கூடாது. புதுப் பையன் ஒருவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்ததற்கு ஃபோர்மன் அவனை அன்று முழுவதும் வெளியே நிற்கவைத்தார். இன்றைய கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நூறு கிலோ பானைக்கு ஐந்து கிராம்! ஒரு சின்னத் துண்டுக் கம்பி போதும் பானையையே கெடுக்க.

எபாக்ஸி உள்ளே இறங்காது. மேலே கட்டிக்கொண்டு நிற்கும், அடியில் வீக்கம் தொடர்ந்து எபாக்ஸியோடு சேர்த்துப் பிளந்துவிடும். துளை போடாதீர்கள், ரிவெட்டைத் தொடாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சுப் படுக்கை போட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, சமையலறைச் சுவருக்குத் தள்ளி ஒரு அலமாரியில் வையுங்கள். கடலோர ஊர் வேறு, ஆகவே டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டாம். உதிர்ந்த மட்கார்டையும் அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். இப்போதே எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். நாலு அங்குலத்துக்குள் அடங்குகிற வேனைத் தாத்தா கையில் வைத்துக்கொண்டிருக்கும் பழைய போட்டோ வீட்டில் இருந்தால் அதையும் தேடிச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: சாவி கொடுத்தால் குதித்துக் குதித்து ஓடும் தகரத் தவளை. இப்போது சாவி எவ்வளவு திருப்பினாலும் 'கிர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. மேல்பெயிண்ட்டும் மங்கல். பாலிஷ் போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது பிரஷ்ஷால் அடித்த பெயிண்ட் இல்லை, தகரத்தில் நேராக அச்சடித்த மை. தலைமுடி அளவுகூடக் கனம் இருக்காது. தின்னர், ஸ்பிரிட், மெட்டல் பாலிஷ் எதைத் தொட்டாலும் தவளையின் கண் பஞ்சோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் தூசி எடுங்கள், துருப்பிடித்த ஓரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒற்றித் துடையுங்கள். அது போதும்.

சாவி இறுகவில்லை என்றால் ஸ்ப்ரிங்கின் உள்முனை கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், அல்லது கொக்கியே முறிந்திருக்கும். திறக்கத்தான் வேண்டும். தவளையின் மேல்பாதியும் கீழ்பாதியும் தகர நாக்குகளால் கோர்த்திருக்கும். ஒரு நாக்கை நிமிர்த்தி மடக்கினால் ஒரு முறை தாங்கும், இரண்டாம் முறை சந்தேகம், மூன்றாம் முறை கையோடு வந்துவிடும். உங்கள் தாத்தாவோ மெக்கானிக்கோ ஏற்கெனவே ஒரு முறை திறந்திருக்கலாம். அதனால் எல்லா நாக்கையும் நிமிர்த்தாதீர்கள். ஒரு பக்கத்து நாக்குகளை மட்டும் பிளாஸ்டிக் ஸ்பூன் காம்பால் நிமிர்த்தி, மறுபக்கத்தைக் கீலாக வைத்து, புத்தகம் போலப் பாதி திறந்தாலே உள்ளே தெரியும்.

நழுவியிருந்தால் இடுக்கியால் மாட்டிவிடலாம். முறிந்திருந்தால் ஸ்ப்ரிங்கின் கடைசி ஒரு சென்டிமீட்டரை மட்டும் மெழுகுவர்த்தியைவிடச் சூடான ஒரு சின்னச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் நனைக்காமல் தானாக ஆறவிட வேண்டும். அந்த முனை மட்டும் இளகிவிடும், புதுக் கொக்கி மடக்கலாம். மற்ற பகுதியில் சூடு ஏறினால் ஸ்ப்ரிங் வெறும் தகரப் பட்டையாகிவிடும், ஆகவே அந்த ஒரு சென்டிமீட்டருக்குப் பின்னால் குறட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிந்துகொண்டுதான் செய்ய வேண்டும். பாதிச் சாவி மிச்சமிருக்கிற ஸ்ப்ரிங் கூட்டை விட்டு வெளியே வந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

அடிப்பக்கத்தில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இருந்தால் அந்தத் தவளை 1947-க்கும் 1952-க்கும் நடுவில் பிறந்தது.

கேள்வி: அத்தையின் மரப்பாச்சி ஜோடிக்கு யாரோ எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கொலுவுக்கு முன்னால் மரத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தின்னர் போடலாமா? ஆண் பொம்மைக்கு ஒரு கை இல்லை.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தின்னரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். பழைய மரப்பாச்சி செம்மரம். அந்த மரத்தின் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பெயிண்ட் போகிறதோ இல்லையோ, மரத்தின் நிறம் பஞ்சில் வந்துவிடும்.

ஆசாரிகள் செய்கிற மாதிரி உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கிற பக்கம் துணி சுற்றி, நேரான விளிம்பை மரத்துக்குச் சாய்த்து வைத்து, தன்பக்கமாக இழுக்காமல் வெளியே தள்ளி மெதுவாகச் சுரண்டுங்கள். பெயிண்ட் சுருள் சுருளாக வரும். மூக்கு, காது, கொண்டைப் பக்கம் மூங்கில் குச்சியைச் சீவிப் பயன்படுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொண்டால் கை தவறாது. கடைசியில் ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டுத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

கை கிடைத்தால் மூங்கில் ஆணி வைத்து மரப்பசையில் ஒட்டலாம். கிடைக்காவிட்டால் புதுக் கை செய்து வைக்காதீர்கள். பட்டுத் துணி சுற்றிப் படியில் வையுங்கள், அத்தை அப்படித்தான் வைத்திருப்பார்.

கேள்வி: நாற்பது வருடத்து நடைவண்டி. பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது. சக்கரம் ஆடுகிறது. நீங்கள் பழைய பெயிண்ட்டைத் தொடாதே என்பீர்கள், அப்படியே கொடுத்துவிடட்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இதில் மட்டும் நேர்மாறு. முழுக்க எடுத்துவிடுங்கள். நடக்கப் பழகுகிற குழந்தை கைப்பிடியைக் கடிக்கும், அது நிச்சயம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். நாற்பது வருடத்துப் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் எதில் செய்தது என்று யாருக்குத் தெரியும்? வெளியில் வைத்து, ரிமூவர் தடவி, ஈரமாகவே வழித்து, வழித்ததைக் காகிதத்தில் மடித்து எறியுங்கள். குழந்தை விளையாடுகிற வாசலில் செய்யாதீர்கள். மரம் வந்த பிறகு புதுப் பெயிண்ட்டும் வேண்டாம். வெறும் மரமாகவே இழைத்து, விளிம்புகளை உருட்டி, மூலையில் சிராய் இல்லாமல் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள்.

சக்கரம் ஆடுவது துளை தேய்ந்ததால். துளையைப் பெரிதாக்கி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு பூவரசங்கட்டையை இறுக்கி அடித்து, பசை காய்ந்ததும் அச்சுக்குத் தக்கபடி அராவிக்கொள்ளுங்கள். அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) ஆட்டம் விட்டுவையுங்கள், மழைக்காலத்தில் மரம் ஊதினால் சக்கரம் நின்றுவிடும். அச்சில் எண்ணெய் போட வேண்டாம், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கடையாணியை உள்பக்கம் இருந்து செருகி, நீட்டிக்கொண்டிருக்கிற முனையை அரத்தால் மழுக்கிவிடுங்கள், பேத்தியின் பாவாடை மாட்டும்.